கிளச்சுக் கட்டை

12-8-69, செவ்வாய்

காலையிலிருந்து ஆடிக் காற்று. வீடெல்லாம் மணல். வாய் கொப்பளித்த பிறகும் பல்லில் நறநற.

சுப்பு ஷெட்டில் தார்ப்பாயை எடுத்துவிட்டான். பதினெட்டு வருஷம் கட்டைகளின் மேல் நின்ற வண்டி. இரண்டே சீட்டு, நீண்ட மூக்கு, அந்தக் காலத்தில் காரைக்குடி வட்டாரத்தில் அதைத் தொடர வேறு வண்டி கிடையாது. அப்பச்சி, எங்கள் தகப்பனார், கொழும்பிலிருந்து கப்பலில் இறக்கியது. அண்ணனுக்கு. எனக்கு அல்ல. அண்ணனுக்கு மலாயாக் கடை, அண்ணனுக்கு வண்டி. எனக்கு பி.ஏ. பட்டமும் பள்ளத்தூர் வீட்டுக் காவலும்.

சுப்பு அண்ணன் மகன். இருபத்தெட்டு வயது. அண்ணன் ஈப்போவில் காலமானதும் தாயோடு இங்கே வந்துவிட்டான். மூன்று வருஷம் ஆகிறது. எஞ்சினை மதுரையில் கொடுத்து ஓடவைத்துவிட்டான். உள்ளே ஒன்றும் இல்லை, வெறும் தகரம். தை மாதம் மெட்ராஸில் பழைய வண்டிகளின் ஓட்டமாம். உள்ளே எல்லாம் அந்த நாள் சாமானாக இருக்க வேண்டுமாம். குஷன்காரர் ரெக்சின் காட்டினார். "ஒரிஜினலை விட இது உழைக்கும் தம்பி." "எனக்கு உழைக்க வேண்டாங்க, அதுவே வேணும்" என்றான்.

என்னிடம் கேட்டான்: "உள் சாமானெல்லாம் எங்குட்டுப் போச்சு சித்தப்பா?"

தெரியாது என்றேன். தெரியும். மாடியில் மூன்றாவது அறை. அதற்கு இரண்டு பூட்டு, இரண்டு பங்குக்கும் ஒவ்வொன்று. ஒரு சாவி என்னிடம், மற்றது அண்ணமிண்டியிடம், அதாவது அண்ணன் மனைவியிடம். தனியாக நான் திறக்க முடியாது. முடிந்திருந்தால் என்றைக்கோ வேலையை முடித்திருப்பேன்.

இந்த நோட்டில்தான் எழுத முடியும். 1951இல் பள்ளத்தூர் ரோட்டில் அந்த வண்டியை ஓட்டியவன் நான். சைக்கிளில் வந்த மனிதர் இறந்துபோனார். சிறைக்குப் போனவன் எங்கள் டிரைவர் கருப்பையா. ஒன்றரை வருஷம். அப்பச்சி போலீசாரிடம் சொன்னது: "சின்னவனுக்கு இடது கால் குட்டை. அவனுக்குக் கார் ஓட்டவே தெரியாது." முதல் பாதி உண்மை. என் காலுக்கு எட்டுவதற்காகக் கிளச்சின் மேல் ஒரு தேக்குக் கட்டை பூட்டியிருந்தது. வீட்டுக்குத் தெரியாமல் ஆசாரியிடம் செய்து வாங்கியது. அதுவும் அந்த அறையில்தான்.

13-8, புதன்

வெயில். தலைவலி. ஷேவ் செய்யும்போது மோவாயில் வெட்டு.

சுப்பு அப்பச்சியின் பெட்டியைக் குடைந்து ஒரு லிஸ்டைக் கொண்டுவந்து என் முன் விரித்தான். அப்பச்சி கையெழுத்து. தீர்ப்புக்கு முந்தின வாரம் எழுதியது.

வண்டியிலிருந்து இறக்கிய சாமான்:
சீட்டு 2 (சிகப்புத் தோல்)
முன்பலகை 1 (கடிகாரத்துடன்)
கதவு உள் அட்டை 2
கம்பளம் துண்டு 3
கைப்பிடி 4
பக்கத் திரை 2
கியர் குமிழ் 1
சாம்பல் கிண்ணம் 1
கிளச்சுக் கட்டை 1. தேக்கு. பித்தளைத் தகட்டில் எழுத்து உண்டு.
ஆக உருப்படி 17. மாடி மூன்றாம் அறையில்.

எங்கள் வீடுகளில் எதையும் எறிவதில்லை. உடைந்த கரண்டியானாலும் எழுத்து வெட்டி, லிஸ்டில் ஏற்றி, பூட்டி வைப்போம். சரி. ஆனால் இதையுமா? ஒரு மனிதனின் ஒன்றரை வருஷத்தை மறைக்கத் தெரிந்த அப்பச்சிக்கு, அடுப்பில் போட வேண்டிய ஒரு கட்டையை லிஸ்டில் எழுதாமல் இருக்கத் தெரியவில்லை. எழுத்து வேறு என் பேரின் முதலெழுத்து. சி.லெ. பாத்திரத்துக்குப் பேர் வெட்ட வந்தவரிடம் நான்தான் கொடுத்து வெட்டினேன். அந்த வண்டியில் எனக்கென்று இருந்த ஒரே சாமான்.

"கிளச்சுக் கட்டைன்னா என்ன சித்தப்பா?"

"ஷெட்டில் சக்கரத்துக்கு அடை கொடுப்பார்கள் இல்லையா, அதுவாக இருக்கும்."

"அதுக்கு எதுக்கு எழுத்து வெட்டணும்?"

"இந்த வீட்டில் எதற்குத்தான் வெட்டவில்லை?" என்றேன். சிரித்தான். நானும் சிரித்தேன்.

வெள்ளிக்கிழமை அறையைத் திறக்கிறார்கள்.

15-8, வெள்ளி

காலையில் பள்ளிக்கூடத்தில் கொடி. மிட்டாய் வந்தது.

பத்து மணிக்குத் திறப்பு என்றான். ஒன்பதரைக்கு வாசலில் கருப்பையா. சுப்பு கூப்பிட்டிருக்கிறான், வண்டியைக் கழற்றியவன், மாட்டவும் தெரிந்தவன் என்று. எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. கருப்பையாவை நேருக்கு நேர் பார்த்து எத்தனை வருஷம்! பஸ் நிறுத்தத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கிறான். நான் அந்தப் பக்கம் போவதில்லை. தலை முழுக்க நரை. ஆனால் அதே உயரம். நிலைப்படியில் குனிந்துதான் வந்தான்.

"சின்னவுக சௌக்கியமா இருக்கீகளா?"

"ம்."

இரண்டு பூட்டும் திறந்தன. என் சாவிதான் சிக்கியது. கருப்பையா வாங்கி, எண்ணெய் தடவித் திறந்தான்.

சாக்குக்குள் சீட்டுகள். எலி தொடவில்லை. சுப்பு தோலை முகர்ந்து பார்த்துக் குழந்தை மாதிரி கத்தினான். முன்பலகையின் கடிகாரம் நாலு இருபதில் நிற்கிறது. விபத்து நடந்தது காலை. அது வேறு எப்போதோ சாவி தீர்ந்து நின்றது. இருந்தாலும் நான் அதைப் பார்க்கவில்லை.

"ஆச்சி, தள்ளிக்கங்க," என்று கருப்பையா அண்ணமிண்டியை ஓரமாக்கிவிட்டு ஒரு சீட்டைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கினான். சுப்பு இன்னொன்றோடு. அண்ணமிண்டி படிக்கட்டில் "சொவத்துல இடிக்காம, சொவத்துல இடிக்காம" என்று பின்னாலேயே. அறையில் நான் மட்டும். கம்பளச் சுருளுக்குள் கை விட்டேன். இருந்தது. மடியில் கட்டிக்கொண்டேன். பித்தளைத் தகடு வயிற்றில் சில்லென்று பட்டது.

இப்போது என் அலமாரியில், சட்டப் புத்தகங்களின் பின்னால். முடிக்காமல் நிறுத்திய பி.எல்.

16-8, சனி

எண்ணிக்கை பதினாறு.

நான் ஒரு முட்டாள். ஐம்பத்தொரு வயதில் இது தோன்றவில்லை. கட்டை அங்கேயே கிடந்திருந்தால் எவனும் திரும்பிப் பார்த்திருக்கமாட்டான். குறைந்துபோனதால்தான் வீடே தேடுகிறது. லிஸ்டில் உள்ளது குறைந்தால் அண்ணமிண்டிக்குச் சோறு இறங்காது.

பகல் சாப்பாட்டில் அவர்:

"அறையைத் தெறந்தது நாம மூணு பேரு. அப்புறம் அந்தக் கருப்பையா. வேற ஆரு?"

சுப்பு: "ஒரு கட்டையை எடுத்து அவரு என்ன ஆத்தா செய்யப் போறாரு? பல்லு குத்தவா?"

"தகடு பித்தளையில்ல? செயிலுக்குப் போய் வந்த கைதான அது."

நான் ரசத்தைக் குடித்தேன். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவில்லை என்று எழுதிவைக்கிறேன்.

மாலையில் கருப்பையாவை வரவழைத்து முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார். அவன் என்னைப் பார்க்கவே இல்லை. அதுதான் பயம். பார்த்திருந்தால் தேவலை.

"செவ்வாக்கெழமை பிள்ளையார்பட்டியில சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணுவியா?"

"அணைக்கிறேன் ஆச்சி" என்றான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

யோசித்தவை: (1) கிணற்றில் போடுவது. தேக்கு, ஆனால் பித்தளைத் தகடு கனம், மூழ்குமா, மிதக்குமா? (2) எரிப்பது. தகடு எரியாது. அடுப்பு அண்ணமிண்டி பக்கம். (3) கம்பளத்திலேயே திரும்ப வைப்பது. மூன்று முறை உதறிப் பார்த்துவிட்டார்கள். (4) கருப்பையா.

இந்தக் குற்றத்துக்குக் காலவரம்பு உண்டா என்று புத்தகத்தில் தேடினேன். எழுத்து கண்ணில் நிற்கவில்லை.

18-8, திங்கள்

காற்று நின்றுவிட்டது. புழுக்கம். கட்டையைத் துணிப்பையில் போட்டு, மேலே இரண்டு புத்தகம் வைத்து, பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன். வழியில் மூன்று பேர் எங்கே என்று கேட்டார்கள். மூன்று பேருக்கும் மூன்று பொய்.

கருப்பையா பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தான். ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். பையைத் திறந்து காட்டினேன்.

"நெனச்சேன்" என்றான்.

"நீ ஒன்றும் செய்ய வேண்டாம். ஷெட்டில் கிடந்தது, கண்டெடுத்தேன் என்று கொடுத்துவிடு. சத்தியமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்."

டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி பார்த்தான். அவசரமே இல்லாமல்.

"இது எதுக்குன்னு தம்பி கேக்குமே. நான் என்ன சொல்றது?"

"தெரியாது என்று சொல்."

"சின்னவுக, அன்னைக்குப் பெரியவுக கேட்டாக, போனேன். அவுக சோத்தத் தின்னவன். போனதுக்கு அழல. நீங்க ஒரு நாள் வந்து பாத்தீகளா? மதுரை எம்புட்டுத் தூரம்? எம் மகளக் கட்டிக் குடுத்த எடத்துல இன்னமும் ஆளக் கொன்னவன் மகளுங்கிறாக. இப்பத் திருடன் மகளும் ஆகணுமா?"

"மகள் பேச்சு எதற்கு இப்போது?"

"வேற எப்பப் பேச?" சத்தம் உயரவில்லை. "நாளைக்குச் சூடம் அணைக்கத்தான் போறேன். திருடலன்னு அணைப்பேன். ஆனா சாமிக்கு முன்னால, ஆச்சி வேற என்ன தெரியும்னு கேட்டா, மறைக்க மாட்டேன். அங்க மட்டும் முடியாது. நீங்க முந்திக்கிட்டா முந்திக்கங்க."

பையை மடித்து என் கையில் கொடுத்தான். அடுத்த ஆள் காற்றடிக்க வந்துவிட்டார்.

பையோடு திரும்பினேன். அரச மரத்தடியில் உட்கார்ந்தேன். கோபம் வரும் என்று காத்திருந்தேன். அப்பச்சி மேல், அண்ணன் மேல் எப்போதும் வருவதுதானே. பயம்தான் வந்தது. சுப்புவுக்குத் தெரிந்தால் இந்த வீட்டில் என் தட்டு எந்த இடத்தில் விழும்? கோயிலில் யார் பக்கத்தில் நிற்பார்? இத்தனைக்கும் அந்த சைக்கிள்காரர் பெயர் எனக்குத் தெரியாது. கேட்டதே இல்லை.

19-8, செவ்வாய்

மேகம். ஆறு மணிக்குக் குளித்தேன். பிள்ளையார்பட்டிக்கு எட்டரை பஸ்.

ஏழு மணிக்கு ஷெட். சுப்பு சீட்டுகளைப் பூட்டிவிட்டிருந்தான். சிவப்பு அப்படியே. கட்டையைக் கையில் கொடுத்தேன்.

திருப்பிப் பார்த்தான். திருகு ஓட்டைகளைப் பார்த்தான். பாவம், முதலில் சந்தோஷப்பட்டான். "அட, அதே போல்ட்டு!" என்றான். குனிந்து மிதியில் வைத்துப் பார்த்தான். சரியாக உட்கார்ந்தது. சீட்டில் ஏறிக் காலை வைத்தான். முட்டி ஸ்டீரிங்கில் இடித்தது.

"இத வச்சுக்கிட்டு மனுசன் ஓட்ட முடியாதே. ஆரு காலுக்கு இது?"

பிறகு தகட்டைப் பார்த்தான். பிறகு என் காலை.

"நான்தான் ஓட்டினேன்" என்றேன். "அன்றைக்கும்."

திரும்பினேன். அண்ணமிண்டி ஷெட் வாசலில் நின்றிருந்தார், பூஜைக் கூடையோடு.

"மாமாவுக்குத் தெரியுமா?"

"அப்பச்சிதான் லிஸ்ட் எழுதினார்."

கூடையைக் கீழே வைத்தார். "அந்த மனுசனைத் திருடன்னு சொன்னேன். எதுக்க ஒக்காந்து கேட்டுக்கிட்டு ரசம் குடிச்சீக."



சுப்பு வண்டியிலிருந்து இறங்கினான். திட்டவில்லை. கட்டையை எடுத்துக்கொண்டு, "நான் போய்க் கூட்டிக்கிட்டு வாறேன். இங்கயே இருங்க" என்றான். இங்கயே என்பதை இரண்டு தரம்.

இப்போது ஒன்பது ஐந்து. என் அறை. எட்டரை பஸ் போய்விட்டது. அண்ணமிண்டி பக்கம் சத்தமே இல்லை. காபி வரவில்லை. கருப்பையா வந்தால் எழுந்து நிற்க வேண்டுமா? முதலில் என்ன சொல்ல வேண்டும்? நாலு வாக்கியம் எழுதினேன், நாலையும் அடித்தேன். போலீசுக்குப் போவாரா? போனால் நியாயம். மகளை எந்த ஊரில் கொடுத்திருக்கிறார், கேட்க வேண்டும். சைக்கிளில் வந்தவர் பெயரும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

வாசலில் இரண்டு பேர் பேச்சு. ஒன்று சுப்பு. செருப்பைக் கழற்றுகிறார்கள்.