மாயன் நகரத்தில் என் குரல்

24.8.1998, திங்கள்

தொண்டைக் கட்டு இன்றுதான் விட்டது. ஆடிக் கிருத்திகைக்கு மலையடிவாரத்து மைக்கில் பேசினால் எனக்கு இது வழக்கம். காவடிக் கூட்டத்தில் காணாமல் போன பிள்ளைகளின் பெயரைத் தமிழில் ஒரு தரம், தெலுங்கில் ஒரு தரம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே வருஷா வருஷம் நான்தான்.

மதியம் ஜெகநாதன் என்று ஒருவர் வந்தார். திருப்பதி ரோட்டில் புதிதாகக் கட்டுகிற கேளிக்கைப் பூங்காவுக்கு மேனேஜர். மைக்கில் என் குரலைக் கேட்டுவிட்டு, வீட்டை விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார். பூங்காவில் படகில் உட்கார்ந்து சுற்றிப் பார்க்கிற மாதிரி ஒரு பாழடைந்த நகரம் கட்டுகிறார்களாம். மாயன் நகரம். வழி நெடுக ஒரு பெண் குரல் கதை சொல்லிக்கொண்டே வர வேண்டும். அது நானாம்!

நைனா கடலைக்காய் உரித்தபடியே, "மயன் கட்னதா? தேவலோகத்து ஆசாரியாச்சே அவுரு" என்றார்.

"அது வேறங்க. இது மெக்சிகோ பக்கம். காட்டுக்குள்ள பெரிய பெரிய கோயிலா கட்டிட்டு, அப்டியே வுட்டுட்டுப் போய்ட்ட ஜனம்."

"ஏன் வுட்டுட்டுப் போனாங்க?"

மேனேஜர் ஒலிப்பதிவுத் தேதியைச் சொல்லிவிட்டு எழுந்தார்.

இவர் வேலையிலிருந்து வந்ததும் சொன்னேன். பொதட்டூர்பேட்டையில் பவர்லூம் மெக்கானிக். தறிச் சத்தத்திலேயே இருந்து இருந்து இவருக்குக் காது கொஞ்சம் மந்தம். "ஊருக்கே கேக்கற குரல்னுதான ஒன்ன கட்டிகினு இங்கியே வந்துட்டேன்" என்று சிரிக்கிறார். வீட்டோடு மாப்பிள்ளையாக வந்ததற்கு இது ஒரு காரணமாம்!

12.9.1998

வடபழனியில் ஒலிப்பதிவு. கண்ணாடி அறைக்குள் நான் மட்டும். "பயணிகளே, ஆயிரம் ஆண்டுகளாக மனிதர் காலடி படாத நகருக்குள் நுழைகிறீர்கள்…" இன்னும் கொஞ்சம் மர்மமாகச் சொல்லுங்கள் என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. தெலுங்கில் சொன்னபோது சிரிப்பு வரவில்லை. ஏனென்று தெரியவில்லை.

17.1.1999

காணும் பொங்கல். பூங்கா திறந்துவிட்டது. நைனா வர மாட்டேன் என்றுவிட்டார். "தண்ணி மேல நமக்கு இன்னா வேல?"

இவரும் நானும் போனோம். வெளியில் அடிக்கிற வெயில் உள்ளே துளி இல்லை. இருட்டு, வாய்க்காலில் மருந்துத் தண்ணீரின் நெடி, இரண்டு பக்கமும் கல் மாதிரி பூசிய சுவர். படிப்படியாக உயர்ந்து போகிற கோபுரம், அதன் உச்சியில் ஒரு சின்னக் கோயில். இறகு வைத்த கல் முகங்கள். ஒரு வளைவில் வாயைத் திறந்துகொண்டு பெரிய பாம்புத் தலை, கண்ணில் சிவப்பு பல்பு. எல்லாம் அட்டையும் சாந்தும்தான். ஆனால் என் குரல் தலைக்கு மேலே எங்கிருந்தோ வந்ததும் எனக்கே உடம்பு சிலிர்த்தது. நான் அந்த ஊர்க்காரி மாதிரி பேசுகிறேன்.

முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாளிடம் இவர், "இது என் சம்சாரம் குரலு" என்றார். அந்த அம்மாள் நம்பவில்லை. ஒரு வரி பேசிக் காட்டினேன். படகே கை தட்டியது.

20.6.1999

கழுத்தில் ஒரு கட்டி. முழுங்கும்போது மேலும் கீழும் போகிறது. வலி இல்லை.

3.8.1999

சென்னை ஆஸ்பத்திரி. நாளைக்கு ஆபரேஷன். தைராய்டு. எடுத்தே ஆக வேண்டுமாம். குரல் நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது, சில பேருக்குக் குரல் மாறலாம் என்று டாக்டர் முன்பே சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். சில பேருக்குத்தானே.

11.8.1999

காற்றுதான் வருகிறது.

30.8.1999

டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். ஒரு பக்கம் அசையவில்லையாம். யார் தப்பும் இல்லையாம். ஆறு மாசம் பொறுத்துப் பார்க்கலாம், தானாகத் திரும்பினாலும் திரும்பும். திரும்பினாலும்.

வீட்டுக்கு வந்து "பசிக்குது" என்றேன். இவர், "இன்னா? இன்னா சொன்ன?" என்றார். மறுபடி சொன்னேன். காதை என் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். அப்பவும் கேக்கல இவருக்கு. கடசீல கைய வயித்துல வெச்சிக் காட்டினேன். அழுதுட்டாரு. பசிக்குதுன்னு சொன்னதுக்கு அழுவாங்களா யாராவது?

4.9.1999

இன்றும் வரவில்லை.

29.2.2000

ஆறு மாசம் போயே போய்விட்டது. இனி இவ்வளவுதான் என்று டாக்டர் வாய் விட்டுச் சொல்லவில்லை. "பழகிடும்மா" என்றார்.

நாள் தள்ளிப் போயிருக்கிறது. இவரிடம் எப்படிச் சொல்வது? நேரம் பார்த்துக் கிசுகிசுப்பாகச் சொல்ல வேண்டிய விஷயம். எனக்கு அது ஒன்றுதான் வரும், இவருக்கு அது ஒன்றுதான் கேட்காது.

நைனாவிடம் சொன்னேன். அவர் இவரிடம் கத்திச் சொன்னார். தெருவுக்கே தெரிந்துவிட்டது.

18.10.2000

பெண் குழந்தை. வீறிட்டு அழுதாள். நர்ஸ் என்னைப் பார்த்து, "நல்ல தொண்டை" என்றாள்.

9.1.2001

தாலாட்டு வரவில்லை. தொடையில் தட்டுகிறேன். இவரைக் கூப்பிட வேண்டுமானால் கை தட்டுகிறேன், நைனாவுக்குத் தட்டைத் தட்டுகிறேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை எதையாவது தட்டிக்கொண்டே இருக்கிறேன். பாப்பாவிடம் மட்டும் காதோடு பேசுகிறேன். அவள் கண்ணைக்கூடச் சிமிட்டாமல் கேட்கிறாள்.

6.8.2001

பூங்கா கேட்டில் நிற்கிற ஆதிகேசவன் சந்தையில் நைனாவைப் பற்றிச் சொன்னான். "ஒங்க நைனா செவ்வாகிழம ஆனா வந்துர்றாரே. படகுல ஏறி கண்ண மூடிகினு ஒக்காந்துக்கினு இருப்பாரு. ஒண்ணும் பாக்க மாட்டாரு."

செவ்வாய்க்கிழமை நைனா உரக்கடைக்குப் போவதாகத்தான் எங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "சும்மா போனேன். வேடிக்க பாக்க" என்று எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். நான் கொல்லைப்புறம் வரைக்கும் போனேன். போய் என்ன சொல்வது? நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன்.

நான் அங்கே போகவே கூடாது என்று இருந்தேன். இருக்கிறேன்.

5.10.2002

ஜெகநாதன் வந்திருந்தார். மாயன் நகரத்தின் பின்பகுதியில் கூரை இறங்கிவிட்டதாம், அந்த வழியை மூடிவிட்டார்களாம். என் குரல் இன்னும் 'வலப்புறம் பாருங்கள், சூரியக் கோயில்' என்று சொல்கிறது, அங்கே வெறும் தட்டிதான் இருக்கிறதாம், ஜனங்கள் சிரிக்கிறார்களாம். புதிதாகப் பேசித் தர வேண்டும்.

"சரிங்க சார், ஆனா…" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. "ஐயோ, எனக்கு யாரும் சொல்லலியேம்மா" என்று நைனாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நல்ல மனுஷர். சென்னையில் வேறொரு பெண்ணை வைத்துச் செய்துகொள்வதாகச் சொன்னார். பத்தே நாளில் மாற்றிவிடுவார்களாம்.

இவர், "பழைய டேப்ப எங்களுக்குக் குடுத்துருங்க சார்" என்று கேட்டார்.

"அந்த ஸ்டூடியோவயே மூடிட்டாங்க இளம்பரிதி. இங்க இருக்கறது தேஞ்சு போன ஒரே காப்பி. அது மேலதான் புதுசப் பதியப் போறோம்."

"வேற டேப் நான் வாங்கித் தரேன் சார்."

அது கடையில் கிடைக்கிற டேப் இல்லையாம். அந்த மெஷினுக்கென்றே வந்ததாம். எனக்குக் கேட்க வாயில்லை.

13.10.2002

போய்விட்டு வந்தோம். நால்வரும். கடைசி ஞாயிற்றுக்கிழமை. நைனாதான், "பாப்பா ஒரு தரம் கேக்கட்டும்மா" என்றார். அதற்கு மேல் என்னால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

படகில் பாப்பா என் மடியில். உள்ளே நுழைந்ததும் இருட்டு. மேலிருந்து "பயணிகளே" என்று வந்தது. இவர் காதுக்கே நன்றாகக் கேட்டிருக்கிறது, முகம் அப்படி இருந்தது. நைனா கண்ணை மூடிக்கொண்டார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். எவ்வளவு தைரியமாகப் பேசியிருக்கிறேன்! மூச்சு எங்கே விடுகிறேன் என்றே தெரியவில்லை.

பாப்பா நடுங்க ஆரம்பித்தாள். பாம்புத் தலை இன்னும் வரவில்லை. அவளுக்குப் பயம் அந்தக் குரல்தான். எங்கேயிருந்து வருகிறது என்று மேலே மேலே பார்த்து வீறிட்டாள். நான் அவள் காதில், "ஒண்ணுமில்லடா, அம்மாடா, அது அம்மாதான்" என்றேன். அவளுக்குக் கேட்கவில்லை. எப்படிக் கேட்கும்? நான் பேசப் பேச அது என்மேல் ஏறிப் பேசுகிறது. 'அஞ்சாதீர்கள், நான் உங்களுடன் வருகிறேன்' என்கிறது. நாந்தான்டி சொல்றேன், நாந்தான் — எம் புள்ளய பயமுறுத்திட்டு எங்கிட்டயே பேசுது அது. வாயப் பொத்தணும்னு இருந்துச்சு. யார் வாய?

பாப்பா என் புடவைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு காதைப் பொத்திக்கொண்டாள். மூடிப்போன சூரியக் கோயில் தட்டியைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை, எங்கள் படகில்.

வெளிச்சத்துக்கு வந்ததும் நைனா, "அது ஒங்கம்மாதான்டா கண்ணு" என்றார். பாப்பா இல்லை என்று தலையாட்டினாள். என் வாயைத் தொட்டுக் காட்டி, "அம்மா இங்க" என்றாள்.

22.10.2002

மாற்றிவிட்டார்களாம். ஆதிகேசவன் சொல்லி அனுப்பினான். நைனா இன்றைக்கு நிஜமாகவே உரக்கடைக்குப் போனார்.

3.3.2003

மேட்டு நிலத்தில் கரும்பு வெட்டு. ஆட்களுக்குச் சாப்பாடு. எழுத ஒன்றுமில்லை.

7.6.2004

பாப்பாவை எல்கேஜியில் சேர்த்தாயிற்று. பையைத் தூக்கிக்கொண்டு அழாமல் போனாள். நான்தான்.

19.7.2004

பள்ளிக்கூடத்திலிருந்து வரச் சொல்லியிருந்தார்கள். இவரும் லீவு போட்டுவிட்டு வந்தார். ஞானம்மாள் மிஸ் ரொம்பத் தயங்கினார்கள். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. பாப்பாவுக்குத் தொண்டையில எதனா பிரச்சனையா? எல்லாம் தெரிஞ்சு வெச்சிருக்கா. ஆனா கிளாஸ்ல காத்து மாதிரி பேசறா. பக்கத்துல போய்க் குனிஞ்சாத்தான் கேக்குது. டாக்டர் யார்கிட்டயாவது…"

இவருக்கு மிஸ் சொன்னது பாதிதான் கேட்டிருக்கும். வெளியே வந்ததும், "இன்னா, இன்னாவாம்?" என்றார். கையைக் காட்டி நடக்கச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்தோம். கொடியில் காய்ந்த துணியை மாடு இழுத்தது. பாப்பா ஓடினாள். "ஏய்! போ! போ அந்தாண்ட!" என்று ஒரு கத்து. தெருக்கோடியில் இருந்த நைனா திரும்பிப் பார்த்தார். இவர்கூடத் திரும்பினார்.

தொண்டையில் ஒன்றுமே இல்லை.

கூப்பிட்டு மடியில் வைத்துக்கொண்டேன். "பள்ளிக்கூடத்துல ஏன்டா சத்தமா பேச மாட்டேங்கற?"

என் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்துக்கொண்டாள். "நா பெரிய பொண்ணாயிட்டேன்ல. பெரிய பொண்ணுங்க இப்டித்தானம்மா பேசணும்."

"இல்லடா. நீ சத்தமா பேசணும்."

எனக்கு வந்த மாதிரிதான் சொன்னேன். அவளும் அதே மாதிரி, "சரிம்மா" என்றாள்.