வௌவால் கட்டுரைக்கு வீட்டுக்காரர் பெயர்

என் கமலாக்கா,

நீ கண்ணை மூடிய பிறகு உனக்கு எழுதும் முதல் கடிதம். அழுதுகொண்டே எழுதுவேன் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. எல்லாம் உன்னால்தான்!

செஞ்சிக்கோட்டைக் களஞ்சியத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு வௌவால்களை ஆராய்ந்து எழுதினாயே, அந்த இங்கிலீஷ் கட்டுரையைத் தமிழில் எழுதி முடித்துவிட்டேன். அவை நம் வயல் பூச்சிகளைத்தான் தின்கின்றன என்று, புகை போட்டு விரட்டுகிறவர்களுக்கு நம் பாஷையில் சொல்ல வேண்டாமா? அச்சகத்துக்காரர் கையை விரித்துவிட்டார். உரிமை அதை வெளியிட்ட சென்னைப் பத்திரிகைக்குத்தான் இருக்கும், அவர்கள் அனுமதி இல்லாமல் அச்சுக் கோக்க மாட்டேன் என்றார். நீ பார்த்துப் பார்த்து எழுதியது உனக்குச் சொந்தமில்லையா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பத்திரிகைக்கு எழுதிப் போட்டேன்.

நேற்று பதில் வந்தது. "உங்கள் அக்கா உரிமையை எங்களுக்கு எழுதித் தரவேயில்லை. படிவத்தில் 'ஓனர்' என்ற இடத்தில் எங்கள் பத்திரிகையின் பெயர் இருந்திருக்க வேண்டும். தேவராஜ நயினார் என்று இருக்கிறது. இவர் யார்?"

யாரா? நாம் வாடகைக்குக் குடியிருக்கும் வீட்டுக்காரர்! ரேஷன் கார்டு, கரண்ட் மனு என்று எதில் 'ஓனர்' கேட்டாலும் அவர் பெயரையே எழுதிப் பழகிய கை, அங்கேயும் எழுதிவிட்டது. ஏன்க்கா, நீ எம்.எஸ்ஸி. படித்தவள்தானே?

கடிதத்தோடு அவரிடம் ஓடினேன். டிரான்சிஸ்டரை அணைத்துவிட்டு மிரண்டு பார்த்தார்.

"இன்னாம்மா, எம்மேல கேசு கீசு போட்டுட்டாங்களா?"

"இல்லீங்க ஐயா, அக்காவோட வௌவால் கட்டுரைக்கு நீங்கதான் ஓனராம்."

"அடக் கடவுளே! எங்க உத்தரத்துல தொங்கறதே போதும்மா. கோட்டையில இருக்கறதும் எனக்கா?"

விழுந்து விழுந்து சிரித்தார். தனக்கு இதில் ஒரு பாத்தியதையும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எம்பேர எங்கெல்லாம் கொண்டுபோயிருக்குது பாரு அந்தப் பொண்ணு" என்றார். அப்போதுதான் நானும் கொஞ்சம் அழுதேன்.

இன்று அச்சகத்தில் ஒரு தாளை நீட்டினார்கள். அதிலும் 'ஓனர்' என்று ஒரு கோடு. கேளு, என் கையும் பழக்கதோஷத்தில் 'தே' என்று தொடங்கிவிட்டது! அடித்துவிட்டு, 'கமலா' என்று பெரிதாக எழுதினேன்.

முதல் பிரதியைக் களஞ்சியத்துக்கே கொண்டுபோய்ச் சத்தமாகப் படிக்கிறேன். மூக்கைப் பொத்த மாட்டேன், சத்தியம்.

உன் பொருளை உனக்கே வாங்கித் தந்த தங்கை,
மல்லிகா