வெள்ளை நூல் முடிச்சு

பூலாம்பாடி,
6-2-1983.

அரியலூரில் சவுண்டு சர்வீஸ் நடத்தும் மச்சான் வீரமுத்துவுக்கு, உன் அக்காள் முத்தாயியின் புருஷன் செல்லக்கண்ணு எழுதுவது.

இங்கே நாங்கள் நலம். நீ நலமா என்று கேட்க எனக்கு மனம் இல்லை. ஆனால் கடிதம் என்றால் கேட்டாக வேண்டும் என்று முதியோர் பள்ளி உண்ணாமலை டீச்சர் சொன்னார்கள். ஆகவே கேட்கிறேன். நலமா?

இது என் கையெழுத்து. இன்னொருவர் எழுதித் தந்ததல்ல. அறுபத்து மூன்று வயதில், பஞ்சாயத்துக் கட்டடத்தில் எட்டு மாதம் உட்கார்ந்து கற்றது. மேலே உள்ள வரிகளுக்கு நேற்றுச் சாயங்காலம் முழுக்க ஆனது. 'வீரமுத்து' என்று எழுதி முடித்ததும் உன்னைக் கொண்டுவந்து எதிரே நிறுத்தியது போல இருந்தது. அவ்வளவு சந்தோஷம். இனி உன்னை பஸ் ஏறி வராமலே திட்டலாம்.

உன் மகள் மலர்க்கொடிக்கு வைகாசியில் கல்யாணமாம். சிமெண்டு லாரி ஓட்டும் ராசாங்கம் சொல்லித்தான் தெரிகிறது. சொந்த அத்தைக்குத் தெரியும் முன் லாரிக்காரனுக்குத் தெரிகிறது. நல்ல குடும்பம்.

ராசாங்கம் கையில் ஒரு கேசட் அனுப்பியிருக்கிறேன். நான் சேர்த்தது. ஒரு பக்கம் நாற்பத்தைந்து நிமிஷம், நடுவில் ஒரு நொடிகூட நிற்காது. நாதசுரம், கும்மி, நாகூர்ப் பாட்டு, மாதா கோயில் பாட்டு, பறை, சிங்கப்பூரிலிருந்து வந்த மின்சாரத் தாளம் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று போய் வரும். மாசித் திருவிழாவுக்கு எங்கள் ஊரில் இதைத்தான் போடப் போகிறார்கள். கல்யாணத்துக்கு நானே மைக் செட்டோடு வந்து போடுகிறேன். கேட்டுவிட்டுப் பதில் எழுது.

செல்லக்கண்ணு

---

அரியலூர்,
15-2-83.

செல்லக்கண்ணு மாமா அவர்களுக்கு,

உங்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்த ஆளிடம் சொல்லுங்கள், எழுத்து கோழி கிளறியது போல இருக்கிறது. நீங்களே எழுதினீர்கள் என்று என்னை நம்பச் சொல்கிறீர்களா? 'அ' எந்தப் பக்கம் பார்க்கும் என்று தெரியாமல் முப்பது வருஷம் செட் ஓட்டியவர் நீங்கள்.

கேசட்டைக் கடையில் போட்டேன். நாதசுரத்துக்கு அடியில் டமடம என்று மில் ஓடுகிறது. கும்மிக்குள் நாகூர்ப் பாட்டு நுழைகிறது. யார் எதற்குக் கைதட்டுவது? இதற்கு இவ்வளவு மண்டைக்கனமா?

அதையாவது பொறுத்துக்கொண்டேன். இரண்டாம் பக்கத்தில், கெட்டிமேளம் முடிகிற இடத்தில் ஒப்பாரி வருகிறது. அதே ஒப்பாரி. எனக்குச் சோறு கொண்டுவந்த சின்னம்மாள் வாசலிலேயே நின்றுவிட்டாள். தூக்குச் சட்டியை அங்கேயே வைத்துவிட்டுப் போனாள். உங்களுக்கு நெஞ்சில் ஈரம் இருக்கிறதா?

மறந்துவிட்டீர்கள் என்றால் ஞாபகப்படுத்துகிறேன். பதினொரு வருஷத்துக்கு முன், கீழப்பழுவூரில், என் தங்கச்சி சின்னம்மாள் கழுத்தில் தங்கசாமி மச்சான் தாலி கட்டுகிற நிமிஷம். மேளக்காரர்கள் வரவில்லை, இசைத்தட்டில் கெட்டிமேளம் போடுங்கள் என்றோம். நீங்கள் சாவு வீட்டுத் தட்டைப் போட்டீர்கள். ஒலிபெருக்கிக் குழாய் நாலு தெருவுக்கும் ஒப்பாரி வைத்தது. பதினோராம் மாதம் அவர் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தார். சின்னம்மாள் இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறாள்.

மலர்க்கொடி கல்யாணத்துக்கு உங்கள் குழாயும் வரக்கூடாது, நீங்களும் வரக்கூடாது.

இப்படிக்கு,
க. வீரமுத்து

---

பூலாம்பாடி,
1-3-1983.

மச்சான் வீரமுத்துவுக்கு,

உன் கடிதத்தை நானே படித்தேன். இரண்டு நாள் பிடித்தது. 'மண்டைக்கனம்' என்ற இடத்தில் மாட்டிக்கொண்டேன். எழுத்துக் கூட்டிக் கூட்டி, அது எனக்குத்தான் என்று புரிந்ததும் சத்தம் போட்டுச் சிரித்தேன். முத்தாயி, "என்னய்யா, தனியா சிரிக்கிற?" என்றாள். "ஒந்தம்பி என்னைத் திட்டியிருக்கான், நானே படிச்சிட்டேன்" என்றேன். "இதுக்கு ஒரு சந்தோசமா!" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மில் ஓடுகிறது என்கிறாய். உனக்குக் காது எப்போதும் கொஞ்சம் மந்தம். சிங்கப்பூர்த் தாளம் மனுஷன் அடிப்பதல்ல, அதனால் இளைக்காது. அதன் மேல் எதையும் ஏற்றலாம். கும்மி அதைவிடக் கொஞ்சம் முந்தும். சுற்றுகிற தட்டின் விளிம்பில் விரல் நுனியை வைத்தால் பின்வாங்கும். இரண்டும் சேர்ந்து நடக்கும் வரை விரலை எடுக்கக்கூடாது. பிறகு ஒரு திருகைக் குறைத்து மற்றதைக் கூட்ட வேண்டும். ஒரு பக்கம் சேர்க்க ஐந்து வாரம் ஆனது. திருவிழாவில் மாதா கோயில் பாட்டுக்குச் சாமியாடி ஆடினான். அது மாதா கோயில் பாட்டு என்று அவனுக்கு இன்னும் தெரியாது.

இனி உன் விஷயம். படிக்கத் தெரிந்ததும் நான் செய்த முதல் வேலை, பரண் மேல் இருந்த பழைய தட்டுப் பெட்டியை இறக்கியது. ஒவ்வொரு உறையாகப் படித்தேன். கோயில். காதுகுத்து. சடங்கு. எல்லாம் என்னிடம் வேலை பார்த்தபோது நீ எழுதியது. ஒன்றில் 'தாலி கட்டும் நேரம்' என்று எழுதி, அடியில் இரட்டைக் கோடு போட்டு, கோட்டின் முனையில் கொக்கி வைத்திருக்கிறது. உன் கடிதத்தில் 'வரக்கூடாது' என்பதற்கு அடியிலும் அதே இரட்டைக் கோடு, அதே கொக்கி. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

அந்த உறைக்குள் இருப்பது ஒப்பாரித் தட்டு.

அன்றைக்கு நான் உறையை உன்னிடம் நீட்டி, "இதுதானடா?" என்று கேட்டேன். "ஆமா மாமா, போடுங்க" என்றாய். ஒப்பாரி கேட்டதும் உறையை என் கையிலிருந்து பிடுங்கிப் பார்த்தாய். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "எழுத்துத் தெரியாத மனுசன், நா என்ன பண்ணுவேன்" என்றாய். பதினொரு வருஷம் நானும் அதை நம்பினேன். என் கைதான் தப்பாக எடுத்தது என்று நம்பினேன். உன் அக்காள் இன்னும் நம்புகிறாள்.

நேற்று அவளிடம் சொன்னேன். "எந்தம்பி பத்தாவது படிச்சவன், அவன் தப்பா எழுதுவானா? அவன் வாயால சொல்லட்டும், கேட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டாள். ஆகவே சொல். வேறொன்றும் உன்னிடம் எனக்கு வேண்டாம்.

செல்லக்கண்ணு

---

அரியலூர்,
2-5-83.

மாமா அவர்களுக்கு,

கல்யாண வேலையில் உங்கள் கதைக்குப் பதில் எழுத நேரமில்லை. இரண்டு வரி.

உறையில் எழுதியது என் கைதான். உள்ளே தட்டை மாற்றிப் போட்டது யார்? நீங்கள். அவசரத்தில் தட்டை எடுத்தால் கையில் கிடைத்த உறையில் செருகுவது உங்கள் வழக்கம். ஊரில் நாலு பேருக்குத் தெரியும். எழுத்துக் கற்றதும் எழுதியவன் மேலேயே பழி போடுகிறீர்கள்.

அக்காவுக்குப் பத்திரிகை தனியாக அனுப்பியிருக்கிறேன். அவள் மட்டும் வரட்டும். அத்தை முறைக்கு அவள்தான் சீர்த்தட்டு எடுக்க வேண்டும்.

சின்னம்மாள் அந்தக் கேசட்டை இன்னொரு தடவை போடச் சொல்லி மூன்று முறை கேட்டுவிட்டாள். எதற்கென்று தெரியவில்லை. பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

க. வீரமுத்து

---

பூலாம்பாடி,
24-5-1983.

வீரமுத்துவுக்கு,

இந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து தருபவள் உன் அக்காள். கூட ஒரு துணிப் பொட்டலம் தருவாள். அதைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு படி.

பத்திரிகை வந்தது. தபால்காரர் அவள் கையில் கொடுத்தார், அவள் என் கையில் கொடுத்தாள். "எம்பேரு எங்க இருக்குது?" என்றாள். காட்டினேன். விரலால் தடவிப் பார்த்தாள். "ஒம்பேரு?" என்றாள்.

அந்த இடத்தில் எனக்கு ஒன்று புரிந்தது மச்சான். நான் என்ன சொன்னாலும் அவளுக்கு அதுதான் பத்திரிகை. 'என் பேரும் இருக்கிறது' என்று சொல்லியிருக்கலாம். 'உன்னையும் வரவேண்டாம் என்றிருக்கிறான்' என்றும் சொல்லியிருக்கலாம். அவள் பெட்டியை எடுத்திருக்க மாட்டாள், உன் வீட்டில் சீர்த்தட்டு எடுக்க அத்தை இருந்திருக்க மாட்டாள். நாக்கு நுனி வரை வந்தது. எழுத்துத் தெரிந்தவனுக்கு எழுத்துத் தெரியாதவளிடம் பொய் சொல்வது எவ்வளவு லேசு என்று அப்போதுதான் பார்த்தேன். நீ அன்றைக்கு எப்படிச் சொன்னாய் என்பதும் விளங்கியது.

நான் உள்ளதைப் படித்தேன். "எம்பேரு இல்ல. ஒன்னை மட்டும்தான் கூப்பிட்டிருக்கான்" என்றேன். அவள் ராத்திரி சாப்பிடவில்லை. ஆனாலும் வருகிறாள்.

இனி பொட்டலம். அது அந்த உறை. தட்டை மாற்றிச் செருகியது நான் என்றாய். சரி, தட்டை விட்டுவிடு, உறையை மட்டும் பார். பத்தாவது படித்த நீ எழுதுவதற்கு முன் எனக்கு எழுத்து நூல்தான். கல்யாணத்துக்குச் சிவப்பு, கோயிலுக்கு மஞ்சள், சாவுக்கு வெள்ளை. உறையின் மூலையில் ஓட்டை போட்டு முடிச்சு வைத்திருந்தேன். சின்னம்மாள் கல்யாணத்துக்கு முந்தின மாதம், "அசிங்கமா இருக்குது மாமா, நா எழுதித் தரேன்" என்று எல்லா நூலையும் பிளேடால் அறுத்தாய். முடிச்சை யாரும் பிடுங்கவில்லை. அடிமுடிச்சு இன்னும் அந்த ஓட்டையில் இருக்கிறது. என்ன நிறம் என்று பார். அதன் பக்கத்தில் நீ என்ன எழுதியிருக்கிறாய் என்றும் பார்.

வெள்ளை முடிச்சு போட்ட உறையில் 'தாலி கட்டும் நேரம்' என்று எழுதியவன் நீ. நூறு உறை எழுதினாய், ஒன்று தவறியது. அது குற்றமில்லை. பிடுங்கிப் பார்த்துவிட்டு என் பக்கம் கை நீட்டினாயே, அதுதான்.

இன்னொன்று. கெட்டிமேளத்தையும் ஒப்பாரியையும் கேசட்டில் அடுத்தடுத்து வைத்தது உன்னைக் குத்தத்தான். ஒளிக்க மாட்டேன். அன்றைக்குத் தெரியாமல் நடந்ததை இந்த முறை என் விரலால், தாளம் பிசகாமல் சேர்த்தேன். மூன்று நாள் திருவிழாவில் அது ஓடியது. அதே மூன்று நாளில் கோயில் வாசலில் நாலு தாலி ஏறியது. நாலு ஜோடியும் நன்றாகத்தான் இருக்கிறார்கள், ஒருத்தி முழுகாமல்கூட இருக்கிறாளாம். பாட்டு ஆளைக் கொல்லாது, வீரமுத்து. தங்கசாமியைக் காமாலை கொண்டுபோனது. பதினொரு வருஷமாக உன் கைதான் கொன்றது என்று நீ உள்ளுக்குள் நினைத்திருந்தால், இன்றோடு விடு. சின்னம்மாளுக்கு அது புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். அவள் கேட்டால் பீரோவைத் திற.

கல்யாணத்துக்கு நான் வரவில்லை. இனிமேல் நீ கூப்பிட்டாலும் வருவேனா என்று சொல்ல முடியாது. அவ்வளவு கசப்பு இருக்கிறது.

ஒரே வேலை. இதை உன் அக்காளுக்குப் படித்துக் காட்டு. நான் படித்தால் நம்பமாட்டாள். உன் வாயால் கேட்க வேண்டும் என்றாள், இதோ கேட்கட்டும். அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் காதில் விழுந்ததை ஒரு சொல் விடாமல் ஊர் திரும்பி வந்து சொல்வாள், அதுவும் உனக்குத் தெரியும். இதே கடிதத்தை இன்னொரு தாளில் எழுதி என்னிடம் வைத்திருக்கிறேன். அதற்கு மட்டும் நாலு நாள் ஆனது.

முத்தாயி எதிரில்தான் உட்கார்ந்திருப்பாள். "என்னடா எழுதியிருக்காரு?" என்று இதற்குள் இரண்டு தடவை கேட்டிருப்பாள். நீ மனதுக்குள் ஒருமுறை படித்து முடித்திருப்பாய்.

இப்போது முதல் வரியிலிருந்து சத்தமாகப் படி.

செல்லக்கண்ணு