சாயம் வந்த வழி

ஜூலை 8, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். ஐயப்பன்தாங்கல் டிப்போவில் பஸ்ஸுக்கு நின்றதிலேயே துப்பட்டா நனைந்துவிட்டது.

செய்ய வேண்டியவை: வாஷிங் மெஷின்காரரைக் கூப்பிட. கண் டாக்டரிடம் நாள் மாற்ற. திங்கட்கிழமைக் கூட்டத்துக்கான படங்களை முடிக்க.

ஒன்றும் நடக்கவில்லை. அம்பத்தூர் லேபில் நேற்று கொண்டுவந்த தண்ணீர் பாட்டில்களைச் சோதித்தேன். எல்லாம் சுத்தம், ஒன்றைத் தவிர. முத்தாபுதுப்பேட்டையில் இட்லி மாவு அரைத்து விற்கும் கஸ்தூரி அக்கா வீட்டு போர் தண்ணீர். அதில் நம் சாயம்.

கண்ணுக்குத் தெரியாது. கருவிக்குத் தெரியும்.

ஆழத்து மணற்பாறைக்குள் நாம் விட்ட சாயம் அது. பாறைக்கு மேலே தடித்த களிப்பாறை, பானைக்கு மூடி மாதிரி. மூடி தாங்குகிறதா என்று பார்க்கத்தான் சாயம். தாங்கினால் திங்கட்கிழமை முதல் வெளியே விட்டால் பூமியைச் சூடாக்கும் கரியமில வாயுவைத் தண்ணீரில் கரைத்து உள்ளே அனுப்பிப் பூட்டுவோம். பல வருடமாக நான் போட்ட கணக்கு சொன்னது: தாங்கும். சாயம் மேலே வரவே வராது.

துரைராஜ் சாரிடம் போய்ச் சொன்னேன். திட்டத் தலைவர், லேபில் எல்லாருக்கும் து.சா. நிமிரவில்லை.

"சாயம் எடுத்துட்டுப் போன அதே ஜீப்லதானே பாட்டிலும் வந்துச்சு? கை உறை மாத்தினியா வசந்தி?"

மாற்றினேன். மாற்றியதாகத்தான் நினைவு.

ஜூலை 9, புதன்

ஜீப் வேண்டாம். புதுப் பாட்டில்கள், புதுக் கை உறை, ஆவடி வரை பஸ், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. மடியில் பாட்டில் பையைப் பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு.

கஸ்தூரி அக்கா வாசலில் அரிசி களைந்துகொண்டிருந்தார். "இன்னா மேடம், முந்தாநாள்தான வந்த? அதுக்குள்ள வந்துகீற?"

"சும்மா, இன்னொரு தடவை பாக்கணும்க்கா."

"எங்க தண்ணிக்கு இன்னா? மாவு புளிக்கறதே இந்தத் தண்ணிலதான். ஆவடி வரைக்கும் எம் மாவு போவுது, தெரியுமா?"

தெரியும் என்றேன். மோட்டாரை ஓடவிட்டு, தண்ணீர் தெளியும்வரை நின்று, பிடித்தேன். மோர் கொடுத்தார். அவர் தண்ணீரில் செய்த மோர். குடித்தேன். குடிக்கும்போதே மனம் எங்கெங்கோ.

ஜூலை 10, வியாழன்

மறுபடி சாயம். முதல் பாட்டிலைவிடக் கொஞ்சம் கூட. உப்பும் ஏறியிருக்கிறது. கை உறையிலிருந்து சாயம் வரலாம், உப்பு வராது. ஆழத்து மணற்பாறையில் இருப்பது உப்புத் தண்ணீர். அது மேலே வருகிறது.

து.சா.வின் அறை. ஏ.சி. ஓடியும் வியர்வை.

"சாயம் ஒண்ணும் விஷம் இல்லையே" என்றார்.

"சாயம் இல்ல சார். அதே வழியில வாயு கரைஞ்ச தண்ணி வந்தா? அது ஆசிட் மாதிரி புளிச்ச தண்ணி. வழியில இருக்கற பாறைல என்னென்ன இருக்கோ எல்லாத்தையும் கரைச்சு அவங்க கிணத்துல கொண்டுவந்து சேர்க்கும்."

"திங்கள் முடியட்டும். வெளியூர்லேர்ந்து ஆளுங்க வர்றாங்க. அப்புறம் பாக்கலாம்."

வீட்டில் கணவர் செந்திலிடம் சொன்னேன். லேப்டாப்பை மூடாமலே கேட்டார். "எழுத்துல குடுத்துட்டியா? அப்ப உன் வேலை முடிஞ்சுது." முடிந்ததா? குழம்பு அடிப்பிடித்துவிட்டது. இருவரும் அதையே சாப்பிட்டோம்.

ஜூலை 11, வெள்ளி

லீவு சொல்லிவிட்டு முத்தாபுதுப்பேட்டை போனேன். வழியெல்லாம் ஒத்திகை. அங்கே போனதும் எல்லாம் மறந்தது. நேரடியாகச் சொன்னேன்: நாங்கள் ஆழத்தில் விட்டது உங்கள் தண்ணீரில் வந்திருக்கிறது. இதுவரை கெடுதல் இல்லை. ஆனால் நான் சொல்லும்வரை மாவுக்கு வேண்டாம்.

அக்கா கிரைண்டரை நிறுத்தினார். அன்றைய மாவு முழுக்க இரண்டு அண்டாவில். "கெடுதல் இல்லன்ற. வேணான்ற. இன்னாதான் சொல்ற நீ?"

"நிச்சயமா தெரியறவரைக்கும் வேணாம்க்கா."

அண்டாவைச் சாய்த்தார். வெள்ளையாக, மெதுவாக, சாக்கடைக்குள். பிடிக்கப் போன என் கையைத் தட்டிவிட்டார்.

"நீ சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது."

"அப்புறம் இன்னாத்துக்கு வந்து சொன்ன?"

அண்டாவை நிமிர்த்தி வைத்தேன்.

மூடியில் எங்கோ துளை இருக்க வேண்டும். பக்கத்தில் பழைய ஆழ்துளை ஏதாவது உண்டா, மூடாமல் விட்டது, என்று கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணும் கெடியாது, நீ கெளம்பு" என்று கதவைச் சாத்தினார். ரொம்ப வேகமாகச் சாத்தினார்.

ஜூலை 12, சனி

வாஷிங் மெஷின்காரர் வந்தார். பெல்ட் அறுந்திருக்கிறதாம். அவர் பேசிக்கொண்டிருக்கும்போது போன். கஸ்தூரி அக்கா.

"எம் பேரு எங்கயும் வரக் கூடாது. அப்பன்னா வா."

போனேன். கிரைண்டர் இருந்த கொட்டகையில் அக்காவே மேசையை இழுத்துக்கொண்டிருந்தார், நானும் பிடித்தேன். அடியில் கடப்பா கல். பெயர்த்தால் இரும்புக் குழாய் வாய், கோணி அடைத்து.

"தண்ணி பஞ்சம் வந்தப்ப மாமனார் போட்டது. ஆழமா போய்ப் பாத்தா வெறும் உப்புத் தண்ணி. உட்டுட்டாங்க. அப்பாலதான் அங்க இங்க பசங்க குழில உயுந்து டிவில காட்டினானுங்க. மூடாத போருன்னா போலீசு வரும்னு பயந்து மேல கல்லப் போட்டு கொட்டாய் கட்டிட்டோம்."

கோணியை எடுத்து ஒரு கல் போட்டேன். சத்தம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது.

என் கணக்கில் பாறை இருந்தது, உப்பு இருந்தது, அழுத்தம் இருந்தது. இப்படி ஒரு ஓட்டை இல்லை. ஒரு மாமனார் இல்லை.

ஜூலை 13, ஞாயிறு

பாடி பக்கம் ஒரு பட்டறையில் போருக்குள் இறக்கும் கேமரா கிடைத்தது. மேம்பாலத்தடியில் லாரிகளுக்கு நடுவே ஆட்டோ நகரவே இல்லை. து.சா.வுக்குப் போன் செய்தேன். வரமாட்டார் என்று நினைத்தேன். பேரனின் காதுகுத்து விழாவிலிருந்து பட்டு வேட்டியோடு அக்கா கொட்டகைக்கு வந்தார்.

கேமரா இறங்கியது. கொஞ்ச தூரம் இரும்புக் குழாய், பிறகு வெறும் துளை. களிப்பாறை வந்ததும் திரை சாம்பல் நிறமானது. நான் இத்தனை நாள் காகிதத்தில் மட்டும் பார்த்த மூடி. அதன் நடுவே நேராக ஓட்டை, கீழே இருட்டு. இதன் வழியேதான் உப்புத் தண்ணீர் ஏறி, அக்காவின் இப்போதைய போரில் கலந்திருக்கிறது.

து.சா. மாவு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். வேட்டி ஓரம் ஈரமானதைக் கவனிக்கவில்லை.

"ரிட்டயர் ஆகறதுக்குள்ள வாயு உள்ள போறதைப் பாத்துடணும்னு இருந்தேன்" என்றார்.

அக்கா அவரிடம், "காபி குடிக்கிறியா சார்? கேன் தண்ணிதான்" என்றார்.

ஜூலை 14, திங்கள்

வந்திருந்தவர்கள் முன் நான் எழுவதற்குள் து.சா. எழுந்துவிட்டார். "இன்னிக்கு வாயு உள்ள போகாது. காரணத்தை வசந்தி சொல்வா." இருபது படங்கள் தயாரித்திருந்தேன். கேமராப் படம் ஒன்றை மட்டும் காட்டினேன். யார் வீடு என்பதற்கு "ஒரு வீடு" என்று மட்டும் சொன்னேன்.

ஒருவர் கேட்டார்: "அப்ப உங்க ஆராய்ச்சி தப்பா?"

பாறை பற்றிச் சரி, ஊர் பற்றித் தப்பு என்றேன். சிரித்தார்கள். படத்தை அணைத்தேன்.

ஜூலை 24, வியாழன்

நேற்று மாலை நல்ல மழை. இன்று அக்கா கொட்டகையில் அடியிலிருந்து வாய்வரை சிமென்ட் குழம்பு ஏற்றி அடைத்தார்கள். பேர் வரக் கூடாது என்றவர் வீட்டு வாசலில் லாரியும் பம்பும். தெருவே கூடிவிட்டது. அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இன்னா பாக்கற? எங்க ஊட்டு போரு, நாங்க அடைக்கறோம்" என்று எல்லாருக்கும் பதில் சொன்னார்.

என்னோடு மட்டும் பேசவில்லை.

ஜூலை 29, செவ்வாய்

அக்கா வீட்டுத் தண்ணீரில் உப்பு இறங்குகிறது. சாயமும் இறங்குகிறது. முழுக்கப் போகவில்லை. சாயம் விட்ட நம் ஆழ்கிணற்றில் அழுத்தம் அப்படியே நிற்கிறது, கசியவில்லை. மூடி தாங்குகிறது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம். உட்கார முடியவில்லை. லேபில் மூன்று தடவை டீ.

து.சா. கேட்டார்: "வாயுவை எப்ப விடலாம்?" தெரியாது என்றேன். வாயு பரவும் என்று நான் வரைந்த வட்டத்துக்குள் எத்தனை வீடு, எத்தனை கொட்டகை என்று முதலில் பார்க்க வேண்டும். சரி என்றார், முகம் வாட.

மதியமே முத்தாபுதுப்பேட்டைக்குக் கிளம்பிவிட்டேன். அக்கா வீட்டைத் தாண்டும்போது அவர் கேன் தண்ணீர் ஊற்றி அரைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். சிரிக்கவில்லை. ஆனால், "வெயில்ல குடை இல்லாம சுத்தாத" என்றார்.

அடுத்த தெரு, முதல் வீடு. ஒரு பெரியவர் பைக் கழுவிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் பழைய போர் ஏதாவது மூடாமல் கிடக்கிறதா என்று கேட்டேன்.

பைப்பை மூடிவிட்டு, தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கையை நீட்டினார்.

"எத்தினி வேணும் உனுக்கு?"