டில்லியின் மெட்டு

லண்டன்,
13-5-1937

அன்புள்ள லியோனெல்,

உனக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டதாக நர்ஸ் எழுதியிருந்தாள். நீ ஆஸ்பத்திரி சூப்பைத் திட்டி நாலு வரி எழுதினால்தான் நம்புவேன். காய்ச்சல்காரர்களுக்கு ரேடியோ கிடையாதாமே. அப்படியானால் நேற்று முடிசூட்டு விழாவில் உன் இசை எப்படிப் போனது என்பதை நான்தான் சொல்லியாக வேண்டும். மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இது நாலாவது.

விடியற்காலையிலேயே எங்களைத் தேவாலயத்து மேடையில் ஏற்றிவிட்டார்கள். ஒரே குளிர். கீழே ஒரு பிரபு கிரீடத்துக்குள் சாண்ட்விச் ஒளித்து வைத்துத் தின்றுகொண்டிருந்தார்.

உன் இசையை அறுபது பேரும் உயிரைக் கொடுத்து வாசித்தோம். முரசு முழங்கியபோது எனக்கே புல்லரித்தது. ஆனால் ராஜாவின் ஊர்வலம் நாலு நிமிஷம் முந்தி வந்துவிட்டது. உன் மகள் டில்லியின் மெட்டுக்கு இன்னும் எட்டே தாளவட்டம். நான் டிரம்பெட்டை உதட்டில் வைத்துவிட்டேன். நிறுத்தச் சொல்லிச் சிவப்பு விளக்கு எரிந்தது. குழுத் தலைவர் கையைக் காட்ட, எல்லோரும் கடைசிப் பக்கத்துக்குத் தாவி முடித்துவிட்டோம்.

அவர் உன்னிடம் படித்துப் படித்துச் சொன்னாரே. "ராஜா வந்துட்டா நிறுத்திருவேன் தம்பி, நல்ல மெட்டை முன்னாடி வச்சிருங்க" என்று. நீ கேட்டாயா? "என் பொண்ணு எடுத்த எடுப்புல வரமாட்டா, கூப்பிட்டுக் காத்திருந்தாதான் வருவா" என்றாய். ஏழு வயதுப் பிள்ளை மாடிப்படியில் சீட்டியடித்த மெட்டு. அவளைப் புதைத்து நாலு வருஷம் கழித்துத்தான் அதைத் தாளில் எழுதவே உனக்குத் தைரியம் வந்தது. உன்மேல் கோபம் கோபமாய் வருகிறது லியோனெல். அழுகையும் வருகிறது.

ஒத்திகையிலும் நேரமில்லை என்று அதைத் தாண்டிவிட்டார்கள். இனி எப்போது வாசிப்பீர்கள் என்று தலைவரிடம் கேட்டேன். அடுத்த ராஜா வந்தால் பார்க்கலாம் என்றார். டாக்டர் உனக்கு இந்தக் கோடைவரைதான் கெடு வைத்திருக்கிறார் என்பது எனக்கும் தெரியும். தெரியாத மாதிரி எழுத எனக்கு வராது.

வீட்டில் நானே அதை வாசித்துப் பார்க்கலாம் என்று டிரம்பெட்டை எடுத்தேன். உதடு நிற்கவில்லை.

குழுவின் இசைத்தாளில் அவள் மெட்டு இருக்கும் பக்கத்தை மட்டும் கிழித்து இத்துடன் வைத்திருக்கிறேன். திருட்டுதான். வேளாவேளைக்குச் சாப்பிடு. இருமல் அடங்கிய நேரமாகப் பார்த்து, நீயே ஒரு தடவை மெல்லச் சீட்டியடித்துவிடு. அந்த நர்ஸையாவது பக்கத்தில் உட்காரச் சொல். டில்லியை ஒருவராவது கேட்கட்டும்.

உன்னை நினைத்தபடியே இருக்கும்
ஹோரஸ்