வாசனை தெரியுதா என்று கேட்டார்கள்

மச்சான்,

இன்று காலை பஸ்ஸில் எனக்கு நாற்றம் தெரிந்தது. ஆம்பூரில் வேலூர் பஸ் ஏறி உட்கார்ந்தேன். ஷிப்ட் முடித்த டேனரி ஆள் ஒருவர் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தார். சுண்ணாம்பும் பச்சைத்தோலும் கலந்த அந்த நாற்றம் மூக்கில் ஏறியதும் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. சிரிக்காதே. பத்தொன்பது வருஷம் நீயும் நானும் அதே நாற்றத்தில், தோல் ஊறும் தொட்டியோரம் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தவர்கள். வெளியூர்க்காரன் மூக்கைப் பொத்தினால், "இன்னாபா, இங்க இன்னா நாறுது?" என்று நிஜமாகவே கேட்டவர்கள். நான் டேனரியை விட்டு வேலூரில் பாத்திரக் கடையில் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. செத்த மூக்கு திரும்பி வரும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

இல்லை, நீ சொன்னாய். சிலேட்டில் எழுதிக் காட்டினாய். நான்தான் அதைக் கிண்டல் என்று எடுத்துக்கொண்டேன்.

கொரோனா இரண்டாம் அலை அடித்த சமயம். அதற்கு மூன்று மாதம் முன்பே உன் குரல் கம்மிப் போயிருந்தது. "தோல் டிரம் ஓடுற சத்தத்துல கத்திக் கத்திப் பேசினா இப்படித்தான்" என்று நான் வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் கொரோனாவை வாங்கிக்கொண்டுதான் திரும்ப வேண்டும் என்று ஊரே பயந்து கிடந்தது. நீ வேலைக்கு வராமல் ஒன்றரை மாதம் வீட்டில் இருந்தாய். ஒருநாள் காலை தங்கச்சி போன் செய்தாள். "அண்ணா, இவரு மூச்ச இழுக்கறப்ப விசில் மாதிரி சத்தம் வருதுண்ணா. சீக்கிரம் வா." நான் டேனரியிலிருந்து போட்ட சட்டையோடு ஓடி வந்து உன்னை ஆட்டோவில் ஏற்றினேன்.

ஆஸ்பத்திரி வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். தலை முதல் கால் வரை மூடிய நர்ஸம்மா ஒருவர் தாளும் பேனாவுமாக நின்றார். காய்ச்சல் இருக்கா, இருமல் இருக்கா என்று கேட்டுவிட்டு, உன்னைப் பார்த்து, "வாசனை தெரியுதா?" என்றார். உன்னைத்தான் கேட்டார், மச்சான். உனக்கோ மூச்சு விடவே நேரம் போதவில்லை. நான் முந்திக்கொண்டேன்.

"டேனரிக்காரனுக்கு வாசனையா? எங்க மூக்கு செத்துப் பல வருஷம் ஆச்சு மேடம்."

அந்த அம்மா சிரிக்கவில்லை. தாளில் டிக் போட்டார். நீ என் சட்டையைப் பிடித்து இரண்டு தடவை இழுத்தாய். நிற்க முடியாமல் பிடித்துக்கொள்கிறாய் என்று நினைத்து உன் தோளை அணைத்துக்கொண்டேன்.

உன்னைத் தகர ஷெட்டுக்குக் கொண்டுபோனார்கள். கொரோனா இருக்குமோ என்று சந்தேகப்பட்டவர்களுக்கான இடம் அது. எனக்கு ஜன்னலுக்கு வெளியேதான் இடம். டாக்டர் வந்து உன் கழுத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "தொண்டையில கட்டி அடைச்சிருக்கு. அதுக்குக் கீழ துளை போட்டு மூச்சுக்கு வழி பண்ணணும். துளை போட்டா உள்ள இருக்கற காத்து எங்க மூஞ்சியிலதான் அடிக்கும். இவருக்குக் கொரோனா இருந்தா எங்க டீம் மொத்தமும் படுத்துடும். டெஸ்ட் எடுத்திருக்கோம். தனி தியேட்டர் ரெடியாகணும்." அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் கண்ணிலும் தூக்கமில்லை.

காத்திருந்தோம். நீ கட்டிலின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து உட்கார்ந்திருந்தாய். ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக்குழி உள்ளே போய் வந்தது. மத்தியானம் வரை அந்த விசில் சத்தம் ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது. அப்பாடா, குறைந்துவிட்டது என்று நினைத்தேன் மச்சான். தங்கச்சிக்குப் போன் போட்டு, "இப்ப பரவாயில்லம்மா" என்றுகூடச் சொல்லிவிட்டேன். வழி முழுக்க அடைத்துவிட்டால் சத்தமே வராது என்று எனக்கு எப்படித் தெரியும்? நர்ஸ் ஓடினார். கவச உடையோடு நான்கு பேர் வந்தார்கள். அந்த உடைக்குள்ளிருந்து ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்கவில்லை, கையாலேயே சாடை காட்டிக்கொண்டார்கள். தியேட்டரும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்தக் கட்டிலிலேயே உன் தொண்டையை அறுத்து உன்னைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

சாயங்காலம் டெஸ்ட் ரிசல்ட் வந்தது. உனக்குக் கொரோனா இல்லை.

பிறகு இதைப் பலரிடம் கேட்டுப் பார்த்தேன். வாசனை தெரியும் என்று சொல்லியிருந்தால் நேராக உள்ளே கொண்டுபோயிருப்பார்களா? "அப்ப யார் வந்தாலும் கொரோனான்னு நினைச்சுத்தான் எல்லாம் பண்ணோம்" என்றார் டாக்டர். பந்தலில் இருந்த நர்ஸம்மாவோ, "வாசனை இல்லன்னா ஷெட்டு, மத்தவங்க கேஷுவாலிட்டி" என்றார். இரண்டில் எது சரி என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. நீ அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் இருந்தாய். உன்னைக் கொண்டுபோனது அந்தக் கட்டிதான், அந்தப் பகல் இல்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பகலை உட்கார்ந்து தாண்டியவன் நீ. அதற்கு யார் பொறுப்பு?

கழுத்தில் குழாயோடு, பிள்ளையின் சிலேட்டில் எழுதித்தான் நீ பேசினாய். ஒருநாள் நான் மனசு கேட்காமல், "அன்னிக்கு நான் பேசியிருக்கக் கூடாது மச்சான்" என்றேன். நீ எழுதினாய்: 'எனக்கு வாசனை தெரிஞ்சிது. உன் சட்டை நாறிச்சு.'

"போடா, பேஜார் பண்ணாத" என்று சிரித்தேன். நீயும் சிரித்தாய். உன் சிரிப்பு குழாய் வழியாக வெறும் காற்றாக வந்தது. தங்கச்சி காபியோடு உள்ளே வந்ததும் உள்ளங்கையால் சிலேட்டைத் துடைத்துவிட்டாய். கிண்டல்தான் என்றால் எதற்குத் துடைத்தாய்? இன்று பஸ்ஸில்தான் அதை யோசித்தேன். ஒன்றரை மாதம் டேனரிப் பக்கமே வராதவனுக்கு மூக்கு திரும்பியிருக்கும்தானே? அன்று நீ சட்டையை இழுத்ததும் அதற்குத்தானா? துளை வழியாக மூச்சு விடுகிறவனுக்கு மூக்கில் காற்றே ஏறாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் நீ கடைசியாக முகர்ந்ததே என் சட்டையைத்தானோ?

நான் வேலூர் போகவில்லை. பள்ளிகொண்டாவில் இறங்கி உன் வீட்டுக்குப் போனேன். தங்கச்சி அடுப்பு முன்னால் நின்றிருந்தாள்.

"அன்னிக்கு மச்சானுக்கு வாசனை தெரிஞ்சுதாம்மா?"

"ஏன் தெரியாம? அன்னிக்குக் காலையிலகூட பால் தீயுதுன்னு அவருதான் கையத் தட்டிச் சொன்னாரு. ஏண்ணா கேக்கற?"

சொல்லிவிட்டேன். பந்தலில் கேட்டது உன்னை, பதில் சொன்னது நான் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திரும்பவில்லை. கொதித்துக்கொண்டிருந்த ரசத்தை இறக்கி வைத்தாள். ரொம்ப நேரம் கரண்டியைக் கழுவினாள். பிறகு, "சாப்ட்டுட்டுப் போண்ணா" என்றாள்.

இதற்கு என்ன அர்த்தம், மச்சான்? மன்னித்துவிட்டாளா, இல்லை பேச்சை அத்தோடு முடித்துவிட்டாளா? நீ சிலேட்டைத் துடைத்ததும் எனக்குப் புரியவில்லை, இவள் சோறு போட்டதும் புரியவில்லை. உட்கார்ந்து சாப்பிட்டேன். ரசத்தில் பெருங்காய வாசனை நன்றாகவே தெரிந்தது.