ரபீக் தங்கச்சி கல்யாணம்

வெள்ளி, 7
காலையிலிருந்து தூறல். கடை வாசலில் இருந்த பெயின்ட் டப்பாக்களை உள்ளே இழுத்துப் போட்டேன். இடுப்பு வலி.

ஜும்ஆ முடிந்ததும் ஜமாஅத் தலைவர் மைக்கைப் பிடித்தார். இந்தத் தேர்தலில் நம் ஓட்டு இன்னாருக்கு, யாரும் மாற்றிப் போடக்கூடாது. தலையாட்டினோம். வாரத்துக்கு எனக்கு இந்த ஒரு தொழுகைதான். தலையாட்டுவதில் மட்டும் குறை வைப்பதில்லை.

மாலை, பக்கத்து வீட்டு ரபீக் (ஸ்கூல் வாத்தியார்) ஜமாஅத் வாட்ஸ்அப்பில் எழுதிவிட்டான்: தொழ வந்தவனுக்கு ஓட்டைப் பற்றி உத்தரவு போட உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை.

சனி, 8
பல்பு, பால் பாக்கெட், பிரஷர் மாத்திரை.

டீக்கடையில் அரசாங்கத்தைத் திட்டினேன். வாயைத் திறந்தாலே கேஸ் போடுகிறார்கள், இதெல்லாம் ஒரு நாடா. நல்ல கூட்டம்.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு ஜமாஅத் கமிட்டி. நானும் உறுப்பினர். ரபீக் வரும் வெள்ளி ஜும்ஆவில் மன்னிப்புக் கேட்கும்வரை அவன் தங்கச்சி நிக்காஹைப் பதிய ஜமாஅத் புத்தகம் தரக்கூடாது என்றார் தலைவர். புத்தகம் போகாத கல்யாணத்தை இங்கே யாரும் கல்யாணமாக மதிப்பதில்லை. நிக்காஹ் வியாழன். அதாவது, கல்யாணம் நிற்கும்.

தலைவர் நம்பிக்கையோடு கமால் பாட்சாவைப் பார்த்தார் (இனி க.பா.). ஐந்து வேளையும் தவறாதவர். வீட்டில் டிவி கிடையாது. ரபீக்குக்குத் தாடி இல்லை என்று பார்க்கிற இடமெல்லாம் ஏசுபவர். அவர் கைதான் முதலில் எழும் என்று நினைத்தோம்.

"அவன் எழுதுனது எனக்குப் புடிக்கல. அதுக்காக ஒரு பொண்ணு நிக்காஹ நிறுத்துனா, நாளக்கி அல்லாகிட்ட நான் என்னா பதில் சொல்றது? நான் இதுல இல்ல."

மற்ற எல்லாரும் கை தூக்கினார்கள். நானும். என் கடை பள்ளிவாசல் கட்டடத்தில்.

ஞாயிறு, 9
வெயில். கொடுவா மீன், வாய்க்கு ருசியில்லை. பக்கத்து வீட்டில் பெண்ணின் அழுகை.

யார் பக்கம் கை தூக்கினேன் என்று மனைவி கேட்டாள். கமிட்டி விஷயம் ரகசியம் என்றேன்.

"எல்லாரும் பாக்க கைய தூக்கிட்டு, எங்கிட்ட ரகசியமா?"

வெட்கமாக இருந்தது.

புதன், 12
நெரவி ஊருக்கு டிஸ்டம்பர் பெயின்ட் போனது. லோடு ஆட்டோ தாமதம்.

க.பா.வே மாப்பிள்ளையின் ஊருக்குப் போய், அந்த ஊர் ஜமாஅத் புத்தகத்தில் பதிய ஏற்பாடு செய்துவிட்டாராம். நிக்காஹ் அவர் வீட்டில். யாரும் போகக்கூடாது என்று கமிட்டி வாட்ஸ்அப். கீழே வரிசையாக 'சரி'. என் 'சரி'யும்.

வியாழன், 13
மனைவி பட்டுப்புடவை கட்டிக் கிளம்பிவிட்டாள். கடையைச் சாத்திவிட்டுப் பின்னாலேயே போனேன்.

ஆண்கள் பக்கம் கூட்டமே இல்லை. போட்டோகிராபரை க.பா. வாசலோடு திருப்பி அனுப்பியிருந்தார். ஒரு சஹன் தட்டைச் சுற்றி நாலு பேர் உட்காருவது வழக்கம். எங்கள் தட்டில் மூன்றே பேர்: க.பா., ரபீக், நான். ரபீக் கறித்துண்டுகளை என் பக்கம் தள்ளினான்.

"நீங்க கை தூக்குனது தெரியும் மாமா. அது உங்க உரிமை. சாப்புடுங்க."

கறி பஞ்சாக வெந்திருந்தது. பாதியை அவன் பக்கமே திருப்பித் தள்ளினேன்.